ஆயிரம் சொட்டு

எங்கள் குகைக்குள் எத்தனை பேர் போனார்களோ அத்தனை பேரும் திரும்பி வர வேண்டும். கேட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வேலையே அதுதான். கேட்பதற்கு எளிதாக இருக்கும். நாற்பது பேர் போய் முப்பத்தொன்பது பேர் வந்தால் தெரியும் சங்கதி. அந்த நாற்பதாவது ஆள் எந்தக் கல் விழுதுக்குப் பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று கண்டுபிடிக்கும்வரை விளக்கை அணைக்க முடியாது. அதனால் என் மேசையில் ஒரு நோட்டு உண்டு. யார், எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே. வேலை செய்பவர்களுக்கும் இதே சட்டம்தான். என் தலைக்கு மேலே சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் நான் ஒரு எழுத்துகூட எழுதியதில்லை.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த நோட்டுதான் ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது. அதனால் சொல்கிறேன்.

அவளை எல்லோரும் பஞ்சக்கா என்பார்கள். நான் பத்து வயது மூத்தவன், எனக்குப் பஞ்சு. பெயர் வந்த காரணம் அவள் வேலை. குகை பார்க்க வருகிறவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போவதில்லை. ஆளுக்குக் கொஞ்சம் தங்களையே உள்ளே விட்டுவிட்டுப் போகிறார்கள். துணிப் பிசிறு, தலைமுடி, பொடுகு, செருப்புத் தூசி. எல்லாம் மிதந்துபோய் ஈரக் கல்லில் ஒட்டிக்கொள்ளும். விட்டால் வெள்ளைக் கல் சாம்பல் நிறமாகிவிடும். விளக்கு வெளிச்சம் விழும் இடங்களில் பச்சைப் பாசி வேறு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு இடுக்கி, ஒரு மெல்லிய தூரிகை, ஒரு பை, இவற்றோடு தினமும் உள்ளே போய் கைப்பிடிக் கம்பியை ஒட்டி ஒவ்வொரு அடியாகப் பொறுக்கி எடுப்பாள். பை நிறையச் சாம்பல் நிறப் பஞ்சு வரும்.

"அதை வச்சு எனக்கு ஒரு மெத்தை தச்சுக் குடேன், இந்த நாற்காலி இடுப்பை ஒடிக்குது" என்று ஒருமுறை கேட்டேன்.

"தச்சுடலாம் அண்ணே. அறுபதாயிரம் பேரோட பொடுகு மேல உக்காருவீங்களா?" என்றாள். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

இங்கே வருவதற்கு முன் அவள் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அதை மூடிவிட்டார்கள். வேலைக்கு ஆள் கேட்டபோது நேராக வந்து நின்றாள். மேனேஜர் அவளிடம் குகையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறார். "ஒண்ணும் தெரியாது சார். ஆனா ஒரு சட்டையில எங்க நூல் தொங்குதுன்னு பத்தடி தூரத்துலேர்ந்து சொல்லுவேன்" என்றாளாம். அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது வருடம் ஆகிறது.

மதியம் இரண்டு மணி முதல் மூன்றே முக்கால்வரை குகைக்கு ஓய்வு என்று பலகையில் எழுதியிருக்கும். ஓய்வு குகைக்குத்தான், பஞ்சுவுக்கு அதுதான் வேலை நேரம். மூன்றே முக்காலுக்கு அடுத்த குழு உள்ளே நுழைவதற்குள் அவள் வாளி, பையோடு வெளியே வந்துவிட வேண்டும். இதில்தான் ஒரு சிக்கல். உள்ளே இருக்கிற ஈரத்துக்கு எந்தக் கைக்கடிகாரமும் தாங்காது. வந்த புதிதில் ஒன்று கட்டினாள், மூன்றே வாரத்தில் கண்ணாடிக்குள் வேர்த்து நின்றுபோனது. இன்னொன்று கட்டினாள், அது ஒரு மாதம். கைபேசியை உள்ளே கொண்டுபோக வேலையாட்களுக்கு அனுமதி இல்லை.

நடுமண்டபத்தில் கூரையிலிருந்து தொங்கும் ஒரு கல் விழுதிலிருந்து தண்ணீர் சொட்டும். கீழே ஒரு குழியில் விழுந்து, கூட்டம் இல்லாத நேரத்தில் மண்டபம் முழுக்கக் கேட்கும். வருடத்துக்கு ஒருமுறை பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு அம்மா வந்து பாறையையும் தண்ணீரையும் அளந்துகொண்டு போவார். பாறையம்மா என்று நாங்கள் வைத்த பெயர் அவருக்கும் தெரியும். அவர்தான் பஞ்சுவிடம் சொன்னார், மற்றச் சொட்டெல்லாம் மழைக்குக் கூடும், வெயிலுக்குக் குறையும், இது மட்டும் எப்போதும் ஒரே மாதிரி விழும் என்று. நிமிடத்துக்குப் பத்து. பஞ்சு அதைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் புருஷன் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். அங்கிருந்து பத்துப் பொத்தான்களை எடுத்து வந்தாள். இரண்டு மணிக்கு உள்ளே போகும்போது பத்தும் இடது பையில் இருக்கும். நூறு சொட்டு ஆனதும் ஒரு பொத்தான் வலது பைக்கு மாறும். பத்தாவது பொத்தான் மாறினால் ஆயிரம் சொட்டு, நூறு நிமிடம், மூன்று நாற்பது. கை பாட்டுக்கு வேலை செய்யும், உதடு பாட்டுக்கு எண்ணும். என் நோட்டைப் புரட்டிப் பாருங்கள், ஒன்பது வருடமாக அவள் பெயருக்கு நேரே 3.40 என்றுதான் இருக்கும். எப்போதாவது 3.39, எப்போதாவது 3.41. எங்கள் வழிகாட்டிகள் நேரத்துக்கு வரும் லட்சணத்தைப் பார்த்து நொந்துபோன எனக்கு, பஞ்சு வாசலில் தலைகாட்டுவது ஒரு ஆறுதல்.

போன வருடம் குகைக்கு மேலே இருக்கும் மேட்டில் வண்டி நிறுத்துவதற்குச் சிமெண்ட் தளம் போட்டார்கள். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. ரிப்பன் வெட்டி, படம் எடுத்து, அதை அலுவலகச் சுவரில் மாட்டினார். நானும் மகிழ்ந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அதுவரை மழைக்காலத்தில் என் செருப்பைவிடச் செருப்பில் ஒட்டிய சேறுதான் கனமாக இருக்கும்.

அதற்குப் பிறகு சில வாரம் கழித்து ஒருநாள் பஞ்சு 3.43க்கு வந்தாள். மறுவாரம் 3.46. அவள் வெளியே வர, குழு உள்ளே போக, குறுகிய பாதையில் வாளியும் கூட்டமும் முட்டிக்கொண்டன.

"என்ன பஞ்சு, இன்னிக்கு லேட்டு?"

"நானா? ஆயிரம் எண்ணித்தான் வந்தேன். உங்க கடியாரம் வேகமா ஓடுது அண்ணே."

என் கடிகாரத்தைச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? டிக்கெட் கவுண்டரில் இருக்கும் பெண்ணின் போனை வாங்கி வந்து காட்டினேன். ஒரு நொடிகூட வித்தியாசம் இல்லை.

"அப்போ ரெண்டும் ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படி ஒரு பிடிவாதம். அந்த வாரம் முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் அவளே வந்து ஒரு பெருமை அடித்தாள். முன்பெல்லாம் பத்துப் பொத்தானுக்குப் பத்துக் கம்பி இடைவெளி சுத்தம் செய்வாளாம், இப்போது பதினொன்று முடிகிறதாம். "கை வேகமாயிடுச்சு அண்ணே" என்றாள். விடையே அந்த வார்த்தைக்குள் இருந்தது. இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

3.50 ஆனது. 3.55 ஆனது. கடைசியில் 4.05 ஆனது. ஒருநாள் குழு நடுமண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு பெண் மண்டியிட்டு இடுக்கியோடு முணுமுணுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒரு குழந்தை வீறிட்டிருக்கிறது. குழந்தையின் அப்பா அலுவலகத்துக்கு வந்து கத்தினார். மேனேஜர் என் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். மூன்று மாதத்துப் பக்கங்களைப் புரட்டி, தாமதமான நாட்களையெல்லாம் சிவப்புப் பேனாவால் சுழித்து, பஞ்சுவுக்கு மெமோ கொடுத்தார். அவளுடைய ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. இப்படியே போனால் புதுப்பிக்க முடியாது என்று எழுதியிருந்தது. என் கையெழுத்தில் இருந்த நேரங்கள் சிவப்பு வட்டத்துக்குள் என்னையே பார்த்தன. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பஞ்சு சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். வந்தாள். சண்டை போடவில்லை. என் மேசைக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"உங்க கடியாரம் சரிதான் அண்ணே. எனக்குத்தான் எண்ண வரலை."

"என்ன உளர்றே?"

"எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. வீட்டுப் படி பன்னெண்டு. தினமும் எண்ணிக்கிட்டே ஏறுவாங்க. ஒருநாள் பதிமூணுன்னாங்க. அப்புறம் பதினஞ்சுன்னாங்க. சிரிச்சோம். ரெண்டு வருஷத்துல என்னையே யாரும்மா நீன்னு கேட்டாங்க. அப்போ அவங்களுக்கு அம்பது. எனக்கு இப்போ நாப்பத்தேழு."

அவள் கையிலிருந்த பத்துப் பொத்தான்களையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பத்துதான் வந்தது. மறுபடியும் எண்ணினாள்.

"அவங்க அனுப்புறதுக்கு முன்னாடி நானே எழுதிக் குடுத்துடறேன். வீட்டுல அவர்கிட்ட இன்னும் சொல்லலை. பொண்ணுக்கிட்டயும் சொல்லலை. வேலை போனா போகட்டும் அண்ணே. எனக்குப் பயமா இருக்கறது அது இல்லை."

அவள் போனபிறகு வெகுநேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மறதி வந்தவள் ஒருநாள் முந்துவாள், ஒருநாள் பிந்துவாள். இவள் தாமதமோ படி ஏறுவதுபோல ஒழுங்காக ஏறிக்கொண்டே போகிறது. 3.43, 3.46, 3.50, 3.55, 4.05. ஒருநாள்கூடப் பின்னால் இறங்கவில்லை. மறதிக்கு இவ்வளவு ஒழுக்கம் கிடையாது. எனக்கு ஐம்பத்தேழு வயதாகிறது, எனக்குத் தெரியாதா?

சரிபார்க்க ஒரே வழிதான் இருந்தது. அதை நினைத்ததுமே எனக்கு வேர்த்தது. நான் இந்த வாசலில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே இரண்டாவது வளைவைத் தாண்டியதில்லை. மூச்சு முட்டும். கூரை தலையில் இறங்குவதுபோல இருக்கும். இது யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் தெரியும் என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் இரண்டு மணிக்குச் சுவரிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினேன். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினேன். நோட்டில் என் பெயரையே எழுதி, உள்ளே 2.00 என்று போட்டேன். பஞ்சு பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணே, உங்களுக்குத்தான் உள்ள ஆகாதே."

"ஆகாது. பேச்சுக் குடுத்துக்கிட்டே வா."

பேச்சுக் கொடுத்தாள். இந்தக் கம்பிக்குக் கீழேதான் போன வாரம் ஒரு பல்செட் கிடைத்தது, இந்த இரண்டு கல்லுக்கும் மாமியார் மருமகள் என்று பெயர், ஒரு விரல் இடைவெளிதான், ஒட்டவே ஒட்டாதாம், இங்கே குனியுங்கள், இங்கே நிமிருங்கள். நான் அவள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். நடுமண்டபம் வந்ததும் ஒரு பாறையைப் பிடிக்கக் கை நீட்டினேன்.

"கை வைக்காதீங்க!" என்று அதட்டினாள். பயத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

மடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். முதலில் அவள் எண்ணிக்கையைப் பார்க்கலாம் என்று இரண்டு பேரும் தனித்தனியாக மனதுக்குள் நூறுவரை எண்ணினோம். நூறாவது சொட்டில் கை தூக்க வேண்டும். ஒரே நேரத்தில் தூக்கினோம். மறுபடியும் எண்ணினோம். மறுபடியும் ஒரே நேரம். பிறகு நான் நொடி முள்ளைப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் எத்தனை சொட்டு?

எட்டு. அடுத்த நிமிடமும் எட்டு. அதற்கடுத்ததும் எட்டுதான்.

"பஞ்சு, உன் எண்ணிக்கை சரி. சொட்டுதான் தப்பு."

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் கையுறையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உள்ளே ஈரம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டென்று அவள் கையை எடுத்துவிட்டு மேலே விழுதைப் பார்த்தாள்.

"அப்போ இதுக்கு என்னண்ணே ஆச்சு?"

தனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் அடுத்த கவலை.

வெளியே வந்து நோட்டைப் பிரித்து உட்கார்ந்தோம். ஒன்பது வருடமாக 3.40. முதன்முதலில் தவறியது எந்த வாரம்? அதற்கு முன்னால் என்ன நடந்தது? இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியாக மேட்டைப் பார்த்தோம். அங்கே வரிசையாக வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. எல்லாத் தேதிகளையும் ஒரு பெரிய தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனோம்.

"இப்போ சொட்டுக்கு மெமோ குடுக்கணுமா?" என்று கேட்டுச் சிரித்தார். தாளை வாங்கி, ரிப்பன் வெட்டிய படத்துக்குக் கீழே மேசையில் போட்டார். ஆனால் தூக்கி எறியவில்லை. அந்த ஒன்றுக்காக அவரை நான் மதிக்கிறேன்.

பாறையம்மா வருவதற்கு இரண்டு மாதம் இருந்தது. ஒப்பந்தம் முடியப் பன்னிரண்டு நாள்தான். தையல்காரருக்கு இப்போது எல்லாம் தெரிந்துவிட்டது. அவர்தான் அலுவலகப் பலகையில் இருந்த எண்ணைக் குறித்து அந்த அம்மாவுக்குப் போன் போட்டவர். "என் பொண்டாட்டிக்குப் பைத்தியம் இல்லை, குகைக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு, வந்து பாருங்க" என்றாராம். இப்படி ஒரு அழைப்பு வந்தால் யார்தான் வராமல் இருப்பார்கள்? நான்காம் நாள் வந்துவிட்டார்.

தாளைப் பார்த்தார். நோட்டைக் கேட்டார். ஒன்பது வருட நோட்டுகளையும் அடுக்கிவைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நான் வருஷத்துக்கு ஒரு நாள்தான் அளக்கறேன். நீங்க ரெண்டு பேரும் தினமும் அளந்திருக்கீங்க" என்றார்.

"நாங்க எங்கம்மா அளந்தோம்? இவ வெளிய வந்த நேரத்தை எழுதினேன், அவ்வளவுதான்" என்றேன்.

அவர் மேனேஜரிடம் வரைபடத்தை விரித்துக் காட்டினார். நடுமண்டபம் சரியாக வண்டித் தளத்துக்கு அடியில் இருக்கிறது. மேலே விழும் மழை மண்ணில் இறங்காமல் சிமெண்டில் ஓடிச் சாக்கடைக்குப் போகிறது. இப்படியே விட்டால் நடுமண்டபம் காய்ந்துபோகும், கல் வளராது, பளபளப்புப் போய் மாவாக உதிரும். பிறகு எதைக் காட்டி டிக்கெட் விற்பீர்கள் என்று கேட்டார். கடைசிக் கேள்விதான் வேலை செய்தது. மேனேஜர் எழுந்துபோய், ரிப்பன் வெட்டிய படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிவப்பு வட்டம் போட்ட அதே பேனாவால் மெமோவின் மேல் அவரே குறுக்கே கோடு போட்டார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மேலிடத்துக்கு எழுதி, திட்டு வாங்கி, மூன்று மாதத்தில் சிமெண்டை உடைத்து எடுத்து ஜல்லி பரப்பினார்கள். பஞ்சுவுக்குத் தண்ணீர் புகாது என்று விளம்பரம் செய்கிற ஒரு கைக்கடிகாரத்தை மேனேஜர் தன் கையாலேயே கொடுத்தார். எனக்கு ஒன்றும் தரவில்லை. என் சுவர்க் கடிகாரம்தான் குகைக்குள் போய் வந்ததிலிருந்து சீக்கு பிடித்து, வாரத்துக்கு இரண்டு நிமிடம் பின்தங்க ஆரம்பித்தது. திங்கட்கிழமைதோறும் கவுண்டர் பெண்ணின் போனைப் பார்த்து முள்ளைத் திருப்பிவைக்கிறேன். அவள் சிரிப்பதைக் கண்டுகொள்வதில்லை.

ஆனால் சொட்டு திரும்பவில்லை. தளத்தை உடைக்கும்போதே ஏழாகியிருந்தது, பிறகு ஆறாகக் குறைந்தது. பாறையம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "வரலாம். ஒரு வருஷம் ஆகலாம். வராமலும் போகலாம். உள்ளே தண்ணி எந்த வழியா இறங்குதுன்னு யாருக்கும் முழுசாத் தெரியாது."

பஞ்சு இப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் 3.40க்கு வெளியே வந்தாள். ஆனாலும் எண்ணுவதை விடவில்லை. மணி ஆனபோது எத்தனை பொத்தான் மாறியிருக்கிறது என்று என்னிடம் வந்து சொல்வாள். நான் நோட்டில் அதற்கென்றே ஒரு கட்டம் போட்டேன்.

"எத்தனை?"

"ஆறு."

மறுநாள், "எத்தனை?" "ஆறு." இப்படியே வாரக்கணக்கில் போனது. ஒருநாள் ஐந்தரை என்றாள். அன்றைக்கு நான் அவளோடு பேருந்து நிறுத்தம்வரை நடந்துபோனேன்.

மழைக்காலம் வந்தது. ஜல்லிக்குள் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். செருப்பில் மறுபடியும் சேறு. ஆறு, ஆறு, ஆறரை. மழை நின்று வெயில் வந்த பிறகும் ஏறியது. ஏழு. எட்டு. ஒன்பது வந்ததும் பஞ்சு கவுண்டரில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாள். அதோடு நின்றுவிட்டது. ஒரு மாதம் ஒன்பதிலேயே இருந்தது. இதுவே பெரிது என்று நான் சொன்னேன். "பெருசுதான் அண்ணே" என்றாள், முகம் அப்படிச் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை. குழு கேட்டில் வரிசை கட்டி நின்றுகொண்டிருந்தது. உள்ளே நெட்வொர்க் கிடைக்குமா என்று ஒருவர் மூன்றாவது முறையாக என்னிடம் கேட்டார். பஞ்சு வாளியோடு வந்தாள். நான் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். 3.38.

"என்ன, சீக்கிரம் வந்துட்டே? எத்தனை?"

"பத்து."

பேனாவைக் கீழே வைத்தேன். "வாட்சைப் பாத்து, பத்து வர்ற மாதிரி கூட்டி எண்ணினியா?"

அவள் மணிக்கட்டை என் முன்னால் நீட்டினாள். கண்ணாடிக்குள் பனி மூட்டம். முள் பதினொன்றரையில் நின்றிருந்தது.

"காலையிலேயே நின்னுடுச்சு அண்ணே. தண்ணி புகாதாம்!" என்றாள். "எண்ணிக்கிட்டுத்தான் வந்தேன்."

வலது பையிலிருந்து பொத்தான்களை எடுத்து மேசையில் கொட்டினாள். நான் எண்ணவில்லை. கவுண்டர் பெண்ணின் போனையும் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, குழுவில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கடிகாரத்தின் முள்ளை 3.40க்குத் திருப்பிவைத்தேன்.